நீலப் பூக்காட்டுச் சனிக்கிழமை

என் அம்மாவின் உடல் கண்டிப் பக்கம் ஹந்தானையில் தம்பி வீட்டு முன்னறையில் கிடத்தப்பட்டிருந்த நேரத்தில், நான் இங்கிலாந்தில் ஒரு காட்டுக்குள் உட்கார்ந்து தோடம்பழம் தின்றுகொண்டிருந்தேன். உரித்துக் கொடுத்தவர் என் கணவரின் அக்கா. சுளையில் ஒட்டியிருந்த வெள்ளை நாரைக்கூட எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார். இப்போது எழுதும்போதும் அந்த விரல்களை ஒடிக்க வேண்டும் போலிருக்கிறது.

நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் இங்கிலாந்துக்குப் போய்ப் பல காலம். அவருடைய மூத்த மகளுக்கு ஆபரேஷன் செய்து முதல் குழந்தை பிறந்தபோது, பத்தியம் சமைக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் என்னை அழைத்தார். எனக்கு அதெல்லாம் கைவந்த வேலை. மறுக்கவும் முடியாது. அங்கே படிக்கப் போகவிருந்த எங்கள் மகனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். கண்டி டவுனில் சின்னதாக ஒரு புத்தகக் கடை வைத்திருக்கும் என் கணவருக்கு அந்த வாக்கு பெரிய விஷயம்.

புறப்படுவதற்கு முன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கொஞ்சம் இழுப்பு இருந்தது. மற்றபடி நன்றாகத்தான் இருந்தார். "போயிட்டு வா. நான் எங்க போயிறப் போறேன்?" என்றார்.

அங்கே எனக்கென்று போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியின் போனில் வீட்டாரோடு பேசுவேன். மற்ற நாட்களில் சமையல், துணி, பிள்ளை. அந்த ஊரின் ஒரு தெருவைக்கூட நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அப்படி இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணி திடீரென்று, "இன்னைக்கு அடுப்புப் பக்கமே போகாத. ஒன்ன ஒரு நல்ல எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

காரில் போனோம். வயல்கள், செம்மறியாடுகள், பிறகு அந்தக் காடு. அழகைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் பொய் சொல்ல வரவில்லை. உயரமான மரங்களில் அப்போதுதான் தளிர் விட்டிருந்தது. அந்தப் பச்சை வழியாக வெயில் இறங்கி, தரை முழுக்கப் பூத்திருந்த நீலப் பூக்களின்மேல் விழுந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீலம். எங்கோ ஒரு புறா முனகியது. நாயோடு வந்த கிழவர் ஒருவர் முன்பின் தெரியாத எனக்குக் காலை வணக்கம் சொன்னார். நம் காடுகளைப்போல அங்கே எதுவும் கடிக்கவில்லை, மேலே ஏறவில்லை, அலறவில்லை. ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உடம்பில் இருந்த அசதியெல்லாம் கழன்று விழுந்ததுபோல இருந்தது. "அம்மாவ ஒருக்கா இங்க கூட்டிட்டு வரணும்" என்று அண்ணியிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தோடம்பழத்தை உரிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போன் கேட்டபோது கண்டியில் மழையாம், லைன் கிடைக்கவில்லையாம். அடுத்த வாரம் பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழித்தார்கள். வீடு நிறைய ஆட்கள். அத்தனை பேருக்கும் நான் சமைத்தேன். எல்லாரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னை அண்ணி கதிரையில் உட்காரவைத்தார்.

"ஒங்கம்மா தவறிட்டாங்களாம். இப்பதான் தகவல் வந்துச்சு."

அன்றே தம்பிக்குப் போன் போட்டேன், அவன் பேசவில்லை. ஊர் திரும்பி நேராக ஹந்தானைக்குப் போனேன். தம்பி வாசலில் நின்றான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"பொணத்தப் போட்டுக்கிட்டு ஒங்க ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தோம். போன்லகூட ஒரு அழுகை அழ ஏலாமப் போச்சா ஒங்களுக்கு?"

"எனக்கு முப்பத்தொண்ணு அன்னைக்குத்தானேடா தெரியும்!"

"என்னைக்கு? சனிக்கிழமை விடியக்காலைல பேராதனை ஆஸ்பத்திரியில உயிர் போச்சு. அப்பவே அத்தான்கிட்ட சொல்லிட்டோம். அக்கா வர ஏலாதுன்னு சொல்லிட்டாங்கன்னு பதில் வந்துச்சு."

சனிக்கிழமை. அவன் அந்தச் சொல்லைச் சொன்னதும் எனக்கு அந்த நீலம்தான் கண்ணுக்குள் வந்தது. எனக்குத் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தம்பி நம்பவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் அன்னைக்கே அக்காகிட்ட சொன்னேனே. நீ வர ஏலாதுன்னு சொன்னதா அவதானே சொன்னா. அவ ஒங்கிட்ட சொல்லலியா? ஏன் இப்புடிப் பண்ணினா?" பிறகு மெதுவாக, "பையன் அங்க போயி இருக்கணும். இப்ப ஒண்ணும் கேட்டுறாத" என்றார்.

கேட்கவில்லை. மகன் அங்கே போய்ப் படித்து முடிக்கும்வரை வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பண்டிகைகளுக்கு வாழ்த்துச் சொன்னேன். அண்ணி பேசினால் சிரித்தேன். இரவில் படுத்துக்கொண்டு, அவரிடம் என்ன சொல்வது, எங்கே வைத்துச் சொல்வது என்று யோசிப்பேன். சில பேருக்குச் சாமி கும்பிட்டால் மனம் ஆறும். எனக்கு இதில்தான் ஆறியது. தம்பி என்னோடு பேசாத ஒவ்வொரு தீபாவளியும் அந்த நெருப்புக்கு விறகாயிற்று.

மகனுக்கு வேலை கிடைத்தது; தனி அறை எடுத்துக்கொண்டு போனான். அதே வருடம் அண்ணி கண்டிக்கு வந்தார். இரண்டாவது மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது, என்னைக் கையோடு அழைத்துப் போக வேண்டுமாம். "ஒன்னமாதிரி யாரு பாப்பா?" என்றார்.

"வாறேன் அண்ணி" என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. விசா வந்தது. டிக்கெட் போட்டார்கள். பத்தியத்துக்கான சரக்குகளை வறுத்து இடித்துப் பெட்டியில் அடுக்கினேன். மறுநாள் பயணம் என்றிருக்க, அன்று இரவு சொந்தக்காரர்களைச் சாப்பிட அழைத்திருந்தோம்.

அன்று காலை மழை பெய்து விட்டிருந்தது. "அன்னைக்கு நீங்க எனக்கு ஒரு காட்டக் காட்டினீங்க. இன்னைக்கு நான் எங்க காட்டக் காட்டுறேன், வாங்க" என்றேன். அவர் மகிழ்ந்துபோனார். பௌத்தக் கோயிலான தலதா மாளிகைக்குப் பின்னால், ஏரிக்கு மேலே இருக்கிற காடு அது. நான் கால் முழுக்கச் சவர்க்காரம் தேய்த்து, முழங்கால்வரை காலுறை போட்டுக்கொண்டேன். அண்ணி காற்றோட்டமான செருப்புப் போட்டிருந்தார். மழை விட்ட காட்டில் அட்டை எப்படி இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

பெரிய கொடிகள் மரத்துக்கு மரம் தொங்குகிற பாதையில் நடந்தோம். குரங்குகள் கிளைகளை உலுக்கி எங்கள்மேல் நீரைக் கொட்டின. நகரத்துச் சத்தம் மெல்ல அடங்கியது. "என்ன அமைதி!" என்றார் அண்ணி. அவருடைய கணுக்காலில் இரண்டு அட்டைகள் பருத்துக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டே நடந்தேன். குளத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றேன்.

"அண்ணி, நான் நாளைக்கு வரல."

"என்ன வெளையாடுற?"

"எங்கம்மா செத்துக் கெடக்கையில என்னக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி பழம் ஊட்டினீங்களே. ஒங்க மகளுக்கு ஆக்கிப்போட ஆள் வேணும்னு. இப்ப ஒங்க ரெண்டாவது மக ஆள் இல்லாமக் கெடக்கட்டும். அதுக்காகத்தான் கடைசி நாள்வரைக்கும் வாறேன் வாறேன்னு சொன்னேன்."

இந்த வார்த்தைகளை எத்தனையோ இரவு நான் ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்னபோது நாக்கு இனித்தது. அண்ணியின் முகம் வெளிறியது. அப்போதுதான் காலில் வழிந்த இரத்தத்தைப் பார்த்து அலறினார். அட்டையை உதற முடியாமல் குதித்தார். நான் கை கொடுக்கவில்லை. ஒரு கல்லில் போய் உட்கார்ந்து அழுதார்.

"தப்புத்தான். நானும் சும்மா இருந்துட்டேன், எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. ஆனா நானாச் செய்யல. ஒன் புருஷன்தான் போன் பண்ணி, சொல்லாத, சொன்னா அவ ஓடி வந்துருவா, முப்பத்தொண்ணு முடியட்டும்னு சொன்னான். சனிக்கிழமை அவளக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போ, வீட்டு லைனுக்கு அவ தம்பி கூப்பிட்டாலும் கூப்பிடுவான்னு சொன்னதும் அவன்தான்."

நான் நம்ப மறுத்தேன். ஆனால் தம்பிக்கு அந்தப் பதிலைச் சொன்னதும், அக்காவிடம் ஒன்றும் கேட்காதே என்று என்னைத் தடுத்ததும் அவர்தான். இத்தனை காலம் யாரை நினைத்துத் தூங்காமல் கிடந்தேனோ, அந்த ஆளுக்கும் மேலான ஆள் என் பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தோம். அண்ணி கணுக்காலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போனவர், இரவுவரை வெளியே வரவில்லை. கணவர் கடையிலிருந்து சந்தோஷமாக வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கோழி சமைத்தேன், பருப்புக் கடைந்தேன், அப்பளம் பொரித்தேன்.

தெல்தெனியவிலிருந்து கணவரின் சித்தப்பாவும் சின்னம்மாவும் வந்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள், மருமக்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. எல்லாருக்கும் பரிமாறி, இரண்டாவது முறை சோறு வைத்த பிறகு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"நான் நாளைக்குப் போகல. ஏன்னு கேளுங்க."

சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை, குரல் உயர்த்தாமல். அம்மா செத்தது, காடு, முப்பத்தொன்று, தம்பிக்குப் போன பொய்ப் பதில், பழியை அக்கா தலையில் போட்டது. கணவர் நடுவில் எழுந்து, "எல்லாரும் இருக்கையில என்ன பேச்சு இது?" என்றார்.

சித்தப்பா அவரை உட்காரச் சொன்னார். "நெசமாடா?"

கணவர் தன் அக்காவைப் பார்த்தார். அக்கா தட்டைப் பார்த்தார். "பையன் எதிர்காலத்துக்காகத்தான்…" என்று கணவர் ஆரம்பித்ததும் சின்னம்மா பாதிச் சோற்றில் எழுந்து போய்க் கையைக் கழுவினார். அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். கணவர் மட்டும் அவ்வளவு சோற்றுக்கும் கறிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். ஊரில் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்த ஆள். அந்தப் பெயர் என் கண் முன்னாலேயே உரிந்து விழுந்ததைப் பார்த்தேன். பாவமாக இருந்ததா என்று பின்னர் சிலர் கேட்டார்கள். இல்லை. பசித்தது. அடுப்படியில் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

அண்ணி தனியாகப் புறப்பட்டுப் போனார். பிறகு எனக்குப் போன் எடுக்கவில்லை. மகன் போன் பண்ணி, "அப்பாவ மன்னிச்சுடுங்கம்மா, எனக்காகத்தானே" என்றான். "ஒனக்காக எங்கம்மா சாவ மறைக்கச் சொல்லி நீ கேக்கலியே" என்றேன். அழுதான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அது அவனுக்கும் தெரியும்.

நான் ஹந்தானைக்குப் போய்த் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என் காலடியில் உட்கார்ந்து, "ஒங்கள எவ்வளவு வைஞ்சிருக்கேன் தெரியுமாக்கா" என்று விம்மினான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆள் இந்த வாசப்படி மிதிக்கக்கூடாது" என்றான். சரி என்றேன்.

கணவரும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். விட்டுப் போகலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். நான் போனால் அவருக்கு நிம்மதி. அதை ஏன் கொடுக்க வேண்டும்? சமைக்கிறேன், துவைக்கிறேன். அம்மாவைப் பற்றி அவர் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவேன். இரண்டு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கேட்டது காதில் விழுந்தது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

வருடா வருடம் அம்மாவின் திவசத்துக்கு அவரும் என்னோடு வருகிறார். நான் அழைப்பதில்லை. அவராக வேட்டி கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறுவார். தம்பி வீட்டுக்குக் கீழே, தேயிலை மலையோரத்தில் ஆட்டோவை நிறுத்தி, நாங்கள் படையல் போட்டுச் சாப்பிட்டு முடிக்கும்வரை அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். போன திவசத்தன்று பயங்கர மழை. ஆட்டோவின் படுதா காற்றில் அடித்துக்கொண்டது. ஒரு பக்கத் தோள் முழுவதும் நனைந்திருந்தது, மேலிருந்தே தெரிந்தது.

தம்பியின் மனைவி இளகிய மனசுக்காரி. ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு ஒரு தேத்தண்ணியாவது அனுப்பட்டா?" என்று என்னிடம் கேட்டாள்.

"வேணாம்" என்றேன். "வடை இன்னும் இருக்கா?"