பூ வைத்த மழைமானி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகியதெல்லாம் தோட்ட அலுவலக நோட்டில் தேதிக்கு எதிரே ஓர் எண், இல்லாவிட்டால் ‘மழை இல்லை’ என்ற இரண்டு சொற்கள். அதைவிட நீளமாக எதையும் எழுதிப் பிறர் படிக்கக் கொடுத்ததில்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். கூட்டத்தில் பேசச் சொல்லிவிடுவார்களோ என்று வாசலோரமாகவே உட்காருகிறவன். இருந்தும் ஒரு நாளைப் பற்றிச் சொல்ல ஆசை வந்துவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிரம்பானிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் உள்ளே இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எனக்கு வேலை. பழக்குலை ஏற்றி வரும் டிராக்டர்களை எடை போடும் இடத்தில் நிற்பேன். அதோடு, தினமும் காலை ஏழு மணிக்கு மழை அளப்பதும் என் பொறுப்பு. அலுவலகத்துக்கு முன்னால் புல்தரையில் ஒரு செம்பு மழைமானி இருக்கிறது. மேலே புனல், உள்ளே புட்டி. புட்டியில் சேர்ந்த நீரைக் கண்ணாடி அளவுக்குழாயில் ஊற்றி, குனிந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து எழுத வேண்டும். இருபது வருடமாகச் செய்கிறேன். எனக்குப் பிடித்த வேலை இதுதான். அந்த நேரத்தில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள்.

பழைய அலுவலகத்தை இடித்தபோது, சுவரில் தொங்கிய வட்டமான காற்றழுத்தமானியை அலுவலகக் கணக்கர், எங்கள் கிராணி, என்னிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் மாட்டினேன். சாயங்காலம் நாலு மணியானால் அதன் முள் மழை என்று எழுதிய பக்கமாக இறங்கும். நானும் நம்பி, கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்லி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரையும் ஓட வைத்தேன். நம் ஊரில் மழை வந்தாலும் வராவிட்டாலும் தினமும் நாலு மணிக்கு முள் கொஞ்சம் இறங்கும், பிறகு ஏறும் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் புரிந்தது. அதற்குள் எனக்கு ‘மழை மந்திரி’ என்று பெயர் வந்துவிட்டது.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகு இந்த விளையாட்டு விளையாட்டாக இல்லை. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு, சிரம்பானை ஒட்டிய ராசாவில் உள்ள ஒரு நிலையத்தில் அவளுக்கு டையாலிசிஸ். அந்த மூன்று நாளும் எனக்குப் பதிலாகக் கிராணி மழை அளந்து எழுதிவிடுவார். தோட்டத்திலிருந்து வெளியே போக ஒரே செம்மண் சாலை. நடுவில் ஆற்றின் மேல் கைப்பிடி இல்லாத தாழ்ந்த பாலம். மாலையில் கனத்த மழை பெய்தால் மலையிலிருந்து தண்ணீர் இறங்கி, விடியும்போது பாலம் முழுகியிருக்கும். அப்படிப்பட்ட நாளில் மழை விட்டதும், ஆறு ஏறுவதற்குள் கிளம்பி, பாலத்துக்கு அந்தப் பக்கம் தெமியாங்கில் இருக்கும் அவள் தங்கை வீட்டில் படுத்துக்கொள்வோம். எவ்வளவு மழைக்குப் பாலம் முழுகும் என்று என் நோட்டைப் புரட்டிப் புரட்டி ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதைக் கேட்ட தங்கைதான் வீட்டு வானிலைப் பெட்டி ஒன்றை வாங்கித் தந்தாள். முற்றத்துக் கம்பத்தில் சுழலும் கிண்ணங்களும் ஒரு சிறு மழைப் புனலும். அடுப்படிச் சுவரில் சின்னத் திரை. மழை பெய்யப் பெய்ய எண் ஏறும்.

அவளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க அனுமதித்த தண்ணீர் ஒரு சின்னப் புட்டி அளவுதான். மழை நாளில் அந்தத் திரையைப் பார்த்துச் சொல்வாள்: “பாருங்க, வானத்துக்குக் கணக்கே இல்ல. எனக்கு மட்டும் மடக்கு மடக்கா.”

அந்த வருடம் ஆயுத பூசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. குலை அறுக்கும் அரிவாள், மோட்டார் சைக்கிள், தையல் மெஷின், காற்றழுத்தமானி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். வானிலைக் கம்பத்துக்கு அவளே வந்தாள். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் செண்டுமல்லியை உதிர்த்து அந்தப் புனலுக்குள் நிறையப் போட்டாள்.

“உள்ள போடாத புள்ள, தண்ணி போற ஓட்டை.”

“எல்லாத்துக்கும் பூ வச்சாச்சு, இது மட்டும் என்ன பாவம் செஞ்சிச்சு? நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம். இன்னிக்கு அதுக்கும் லீவுதான்.”

பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் விட்டுவிட்டேன்.

ஐந்து மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி என்பதால் அவள் கணுக்கால் வீங்கியிருந்தது. பேசும்போது நடுவில் மூச்சு வாங்கியது. திங்கட்கிழமையைத் தவறவிடக் கூடாது என்று டையாலிசிஸ் நிலையத்துத் தாதி மிஸ்ஸி பலமுறை சொல்லியிருக்கிறார்.

“சத்தம் பலமா இருக்கேங்க. தங்கச்சி வீட்டுக்குப் போயிரலாமா?” என்றாள்.

நான் திரையைப் பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர். கொஞ்ச நேரம் கழித்து நாலு.

“தகரத்துக்கு எல்லாமே பெரிய மழைதான். பெட்டியில ஒண்ணுமே இல்ல லா. வீட்டிலேயே படு.”

அவள் முகம் மலர்ந்தது. பூசையன்று சொந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்கும்தான்.

காலை ஐந்தரைக்குக் காரின் விளக்கொளியில் பாலத்தைக் காணவில்லை. பழுப்பு நிறத் தண்ணீர் சாலையை வெட்டிக்கொண்டு போனது. நான் இயந்திரத்தை நிறுத்தினேன். எத்தனை முறை எண்ணைச் சரிபார்த்தேன், எப்படித் தப்பியது என்று தலைக்குள் அதையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

அவள்தான் மெதுவாகக் கேட்டாள்: “ஏங்க, அந்தப் பூவ எடுத்தீங்களா?”

பூ ஓட்டையை அடைத்திருக்கிறது. மழை வழிந்து வெளியே போயிருக்கிறது. பூவைத் தாண்டிச் சொட்டியதை மட்டும் பெட்டி எண்ணியிருக்கிறது. லீவில் இருந்தவனிடம் போய் நான் வானிலை கேட்டிருக்கிறேன்.

“நான்தானே போட்டேன்,” என்றாள்.

“கண்ணால பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன். காது சொன்னதக் கேக்காம பெட்டி சொன்னதக் கேட்டேன்.”

“சரி, ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்,” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலானது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

வெளிச்சம் வரும் நேரத்தில் டிராக்டர் ஓட்டும் நண்பர் வந்தார். வண்டியிலிருந்து இறங்காமலே கத்தினார்: “என்ன மழை மந்திரி! ஊருக்கெல்லாம் சொல்றீங்க, உங்களுக்கு யாரும் சொல்லலியா?” பிறகு காருக்குள் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “அண்ணி, வண்டியில ஏறுங்க. அந்தாண்ட விட்டுர்றேன்.”

நான் கதவைத் திறந்துவிட்டேன். அவள் இறங்கவில்லை.

“பாலம் ஓரம் இருக்கா இல்லியான்னே தெரியலியே தம்பி. ஒரு ஓலைக் குச்சிய ஒடிச்சுத் தண்ணி ஓரத்துல ஊனுங்க, பாப்போம்.”

நான் ஒரு செம்பனை ஈர்க்கை ஒடித்துத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஊன்றினேன். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் அசைவே இல்லை. நண்பர் பசியாற வைத்திருந்த ரொட்டியை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி, மறந்து, மறுபடி எண்ணினேன். பிறகு குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் ஈர மண் தெரிந்தது. பிறகு நாலு விரல்.

“இறங்குதுங்க,” என்றாள். “ரப்பர்ப் பால் கங்காணி வீட்டுப் பொண்ணு நான். ஆத்தப் பாத்து வளந்தவ. இன்னும் ஒரு மணி நேரம், அவ்ளோதான்.”

ஒன்றரை மணி நேரம் ஆனது. பாலத்தின் இரண்டு ஓரமும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, டிராக்டர் முன்னால் மெல்லப் போக, அதன் சக்கரத் தடத்திலேயே நான் காரை விட்டேன். அவள் என் சட்டையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். மறுகரை ஏறியும் விடவில்லை.

ராசா போய்ச் சேர ஒன்பதரை. அவள் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். மிஸ்ஸி என்னைப் பார்த்து, “அங்கிள், திங்கட்கிழமைல இப்படியா?” என்றார். நான் தலையைக் குனிந்து, “மழை” என்று மட்டும் சொன்னேன். மிஸ்ஸி அவளைப் படுக்க வைத்து, மூக்கில் பிராணவாயுக் குழாய் மாட்டி, அடுத்த முறையில் இடம் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு ஊசி ஏறியது. மூன்று மணிக்கெல்லாம் அவள் மூச்சு சீரானது. நான் எண்ணுவதை நிறுத்தினேன்.

“ஆத்தங்கரையிலேருந்தே எம் மூச்ச எண்ணிக்கிட்டா இருந்தீங்க?” என்று கண்ணை மூடியபடியே கேட்டாள்.

“ஆமா.”

“எத்தனை?”

சொன்னேன். “சரியா அளந்திருக்கீங்க,” என்றாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மழை இல்லை. நான் வேலைக்குப் போனேன். அவள் பத்து மணி வரைக்கும் தூங்கினாள்.