இத்தாலிக்குப் போனவன்

அந்தப் படத்தின் நடுவில் நிற்பது ரொறன்ரோவில் யாரோ ஒரு வீட்டுக் குழந்தை. கையில் ஐஸ்கிறீம், பின்னால் ஈபிள் கோபுரத்தின் இரண்டு கால்கள். குழந்தையின் தோளுக்கு மேலே, கொஞ்சம் மங்கலாக, ஓர் இளைஞன் தெரிவான். பெரிய கம்பி வளையமொன்றில் சின்னச் சின்ன ஈபிள் கோபுரங்களைக் கோத்துக் கையில் தொங்கவிட்டிருப்பான். முகம் முக்கால்வாசிதான் விழுந்திருக்கும். உடம்பின் பாரத்தை ஒரு காலில் போட்டு, மற்றக் காலைச் சற்று மடித்து நிற்பான். எங்கள் பெரியம்மா அந்தப் படத்தைப் பல வருடங்கள் கைப்பையில் வைத்திருந்தார். கசங்கிவிடக் கூடாதென்று அம்மா கொடுத்த பழைய மெற்றோ பாஸ் உறையில், அது உள்ளே போகும் அளவுக்கு ஓரங்களை வெட்டி வைத்திருந்தார். உறவில்லாத அந்த அயல்வீட்டுக் குழந்தையை வெட்டி எறிய மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. படத்தின் பின்பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் 'இத்தாலி' என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்தவள் நான்.

பெரியம்மா என் அம்மாவின் மூத்த சகோதரி. அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும். மகள், நான் அக்கா என்று அழைப்பவர், கலியாணம் செய்து கனடாவுக்குப் போய்விட்டார். மகன் வன்னியில் இருந்தான். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், யுத்தம் முடிந்து பாலத்தைக் கடந்து வந்த சனத்திலிருந்து இராணுவம் அவனைப் பிரித்து பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். பஸ்ஸால் இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. நான் பரிஸில் பிறந்தவள். அவனை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஒருமுறை தொலைபேசியில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டான். நான் பிரெஞ்சில் ஏதோ சொன்னேன். அவன் சிரித்த சத்தம் நினைவிருக்கிறது. அவ்வளவுதான் எனக்கு அவன்.

அடுத்த வருடம் அக்கா தாய் தகப்பனைக் கனடாவுக்கு எடுப்பித்தார். அங்கே அயல்வீட்டுக்காரர் பரிஸுக்கு விடுமுறை போய்வந்து, எடுத்த படங்களை ரி.வி.யில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்த பெரியம்மா எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தாராம். வீட்டுக் குழந்தையைத்தான் கொஞ்சுகிறார் என்று அவர்கள் நினைத்தார்களாம். அவர் குழந்தையின் பின்னால் நிற்பவனைக் காட்டி, இது என் மகன், இப்படித்தான் நிற்பான் என்று சொல்லி, அந்தப் படத்தை அச்சடித்து வாங்கினாராம்.

இரண்டாயிரத்துப் பதினொன்று கோடையில் பெரியம்மா, அக்கா, அத்தான், அவர்களுடைய சின்ன மகன் என்று நான்கு பேர் பரிஸ் பார்க்க வந்தார்கள். பெரியப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், வரவில்லை. விசாப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் சுற்றுலா என்றுதான் இருந்தது. அத்தானும் அப்படித்தான் நம்பினார், அல்லது நம்ப விரும்பினார். பார்க்க வேண்டிய இடங்களை அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார். மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் இரண்டு அறை வீட்டில் பாய் போட்டுப் படுத்து, விடிய இடியப்பப் பெட்டியோடு புறப்படுவோம். அப்பாவுக்கு ரெஸ்ரோறன்ட் வேலை, லீவு இல்லை. அம்மாவின் பிரெஞ்சு கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் காணும். ஆகவே பதின்மூன்று வயதில் அந்தக் குடும்பத்துக்கு நான்தான் வழிகாட்டி. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

முதல் நாளே ஒன்று விளங்கியது. நாங்கள் லூவர் அருங்காட்சியக முற்றத்தில் கண்ணாடிப் பிரமிட்டைப் பார்த்தபோது, பெரியம்மா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்ப் போத்தல் விற்கிற பெடியன்களைப் பார்த்தார். சக்ரே கேர் தேவாலயப் படிகளில் நகரம் முழுவதும் காலடியில் கிடந்தது; அவர் சுற்றுலாவுக்கு வந்தவர்களின் கையில் நூல் கட்டிவிட்டுக் காசு கேட்கிற ஆட்களைப் பார்த்தார். அந்த நான்கு நாளில் அத்தான் எடுத்த படங்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் பெரியம்மாவின் முகம் பக்கவாட்டில்தான் இருக்கும்.

"மாமி, பரிஸ் அங்காலை கிடக்குது. நீங்கள் இஞ்சாலை என்னத்தைப் பாக்கிறியள்?" என்று அத்தான் பகிடி விடுவார்.

"அது எங்கையும் ஓடாது, தம்பி," என்பார் பெரியம்மா.

மூன்றாம் நாள் பின்னேரம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் போனோம். அக்காவுக்குச் சேலை வேண்டும் என்பது சாட்டு. ரூ காய் என்ற தெருவில் கடை கடையாக ஏறிப் பெரியம்மா படத்தை நீட்டினார். அன்றைக்கு நான் கண்டதை இப்போதுதான் சரியாகப் புரிந்துகொள்கிறேன். அந்தத் தெருவில் ஒருவரும் ஒரு தாயிடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஓம் என்றும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆளாவது காணாமல் போயிருந்த காலம் அது. அப்படிக் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு பேச்சு முறை அங்கே வந்திருந்தது. மளிகைக்கடை அண்ணை கண்ணாடியைப் போட்டுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்தச் சாயலிலை ஒரு பெடியன் முந்தி வந்து போறவன் போல கிடக்கு, அம்மா. விசாத் துண்டு இல்லாத பெடியள் பேரையும் மாத்தித்தான் சொல்லுவாங்கள், வீட்டுக்கும் போன் எடுக்கமாட்டாங்கள். கண்டால் கட்டாயம் சொல்லுறன்."

பெரியம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பெரியம்மா வெளியே போனதும், கறிவேப்பிலையைப் பையில் போட்டபடி அந்த அண்ணை அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, எனக்குத் தெரியாது. அந்த மனிசிக்கு இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?" அம்மா தலையாட்டினார். நான் பக்கத்தில் நின்று அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டேன்.

கடைசி நாள்தான் ஈபிள் கோபுரம். ஐந்து மணிக்கு ஆற்றில் ஊர் சுற்றிக் காட்டும் படகில் ஏறவேண்டும். அந்தப் படகில் போக நான் இரண்டு வருடமாக ஆசைப்பட்டேன். வகுப்பில் எல்லாரும் போய்விட்டார்கள். அம்மாவும் அத்தானும் சின்னவனோடு துறையில் வரிசையில் நிற்க, பெரியம்மா, அக்கா, நான் மூவரும் கோபுரத்தடியில் நின்றோம். விற்கிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள். சைக்கிளில் பொலிஸ் வந்தால் சாமானை விரித்த துணியோடு சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள், பிறகு வருவார்கள். அவர்கள் ஓடும்போதெல்லாம் பெரியம்மாவும் இரண்டடி ஓடினார். அந்தச் செருப்பும் அந்தச் சேலையுமாக அவர் ஓடியதைப் பார்த்துச் சனம் சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நாலரைக்கு மதிலோரம் இருந்த வயதான வியாபாரி ஒருவரிடம் நான் படத்தைக் காட்டிப் பிரெஞ்சில் கேட்டேன். அவர் வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இது என் தம்பி என்றார். தாக்காவிலிருந்து தன்னோடுதான் வந்தவன், இங்கே இரண்டு வருடம் நின்றவன், இப்போது இத்தாலிக்குப் போய்விட்டான் என்றார். உங்களுக்கு அவனை எப்படித் தெரியும் என்று சந்தோஷமாகக் கேட்டார்.

"என்னவாம்? என்னவாம், பிள்ளை?" பெரியம்மா என் முழங்கையைப் பிடித்தார். அந்த விரல்களின் இறுக்கம் இப்போதும் கையில் இருக்கிறது. அக்கா என் வாயையே பார்த்தபடி நின்றார். எனக்கு முன்னால் இரண்டு வசனங்கள் இருந்தன. இவருடைய தம்பியாம் என்பது ஒன்று. இத்தாலிக்குப் போய்விட்டானாம் என்பது மற்றது. படகுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. மளிகைக்கடை அண்ணையின் முகம் மனதில் வந்ததா, படகு வந்ததா, பெரியம்மா அந்தச் சனத்துக்கு நடுவில் நிலத்தில் விழுந்து அழுவார் என்ற பயம் வந்ததா, எது முதலில் வந்தது என்று இத்தனை வருடமாக யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

"இத்தாலிக்குப் போயிட்டாராம்," என்றேன்.

பெரியம்மா சத்தம் போடவில்லை. அந்த மனிதரின் கைகளை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். தம்பியில் இவ்வளவு பாசமுள்ள ஒரு பெண்ணா என்று அவரும் கண் கலங்கி நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். ஒருவருக்கு ஒருவர் நன்றி சொல்லிக்கொண்டு நின்ற அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் மட்டும் இரண்டு மொழியும் தெரிந்தவளாக நின்றேன்.

படகில் பெரியம்மா சன்னலோரம் இருந்தார். பாலங்களை எண்ணினார். நோத்ருடாமைக் காட்டி, இது மாதா கோயிலோ என்று கேட்டார். ஐஸ்கிறீம் வாங்கித் தின்றார். அவர் முகம் நேராகத் தெரிகிற ஒரேயொரு படம் அங்கே எடுத்ததுதான். பல்லுத் தெரியச் சிரிப்பார். நான்கு நாளில் அவர் பரிஸைப் பார்த்தது அந்த ஒரு மணித்தியாலம் மட்டுமே. அன்றைக்கு நான் நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வரும். அம்மாவோடு பேசி முடித்து என்னைக் கேட்பார். "இத்தாலியிலை இப்ப குளிரோ, பிள்ளை?" நான் பார்த்துச் சொல்லுவேன். மழை என்றால் அவருக்குக் கவலை. வெயில் என்றால், நல்லது என்பார். வளர வளர எனக்கு அந்தக் கேள்வி கழுத்தில் கயிறாக இருந்தது. குளிக்கப் போய்விட்டேன் என்று அம்மாவைச் சொல்லச் சொல்லுவேன்.

எனக்குப் பதினெட்டு வயதில் பெரியப்பா செத்துப்போனார். மகன் இருக்கும்போது வேறு ஆள் கொள்ளி வைக்கக் கூடாது என்று பெரியம்மா பிடிவாதமாக நின்றார். செய்தி எப்படியும் இத்தாலிக்குப் போய்ச் சேரும், அவன் வருவான் என்றார். ஒன்பது நாள் உடலை வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் அக்காவின் மகனைக் கொண்டு மின்தகனப் பொத்தானை அழுத்தச் செய்தார்கள். பெரியம்மா அந்த அறைக்குள் வரவில்லை. வெளியே வாசலைப் பார்த்துக் கதிரையில் இருந்தாராம். அன்றைக்கு நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பைக் குறைத்தார்.

"வாயை மூடிக்கொண்டிரு," என்றார் பிறகு. "அவவுக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்டுதான்."

இப்போது நான் மருத்துவமனைகளில் தமிழர்களுக்கு மொழிபெயர்க்கிற வேலை செய்கிறேன். வைத்தியர் சொல்வதில் ஒரு சொல்லையும் விடுவதில்லை. புற்றுநோய் என்றால் புற்றுநோய், ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். கொஞ்சம் பார்த்துப் பதமாகச் சொன்னால் என்ன, இந்தப் பிள்ளைக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று லா சப்பலில் என்னைப் பற்றிக் கதைப்பதும் காதில் விழுகிறது. அவர்கள் சொல்வதில் பிழையில்லை.

பெரியம்மா போய் இரண்டு வருடமாகிறது. மகனுக்கு ஒரு திவசமும் செய்யாமல், செய்ய விடாமல், அவன் இல்லாமலே போனார். இந்தக் கோடையில் அக்கா குடும்பம் மறுபடி பரிஸ் பார்க்க வந்தது. கோபுரத்தைச் சுற்றி இப்போது கண்ணாடி மதில் கட்டியிருக்கிறார்கள். விற்கிறவர்கள் வெளியே நிற்கிறார்கள். எல்லாம் புது முகங்கள். அத்தானும் பிள்ளைகளும் மேலே ஏறப் போனதும், அக்கா கைப்பையைத் திறந்து அந்தப் பழைய மெற்றோ உறையை எடுத்தார். அக்காவுக்கும் ஐம்பது ஆகப்போகிறது. கீழே குனிந்து படத்தைப் பார்த்தபோது அது பெரியம்மாவின் முகமாகவே இருந்தது.

"அடுத்த வருசம் இத்தாலிக்கு லீவுக்குப் போவம் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லியிருக்கிறன். அம்மாவுக்குக் குடுத்த வாக்கு," என்றார் அக்கா. "அந்தாள் எந்த இடமெண்டு சொன்னவரோ? உனக்கு ஞாபகம் கிடக்கோ?"

"அக்கா," என்று தொடங்கினேன். அந்த முதலாவது வசனத்தை இத்தனை வருடமும் நான் மறக்கவில்லை. பிரெஞ்சிலும் தமிழிலும் வாய்க்குள் தயாராகவே இருந்தது. அக்கா நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். அவருடைய கை என் முழங்கையைத் தேடி வந்து பிடித்தது.

"ரோம் எண்டு சொன்ன மாதிரிக் கிடக்கு," என்றேன்.

அக்கா தலையாட்டினார். கைப்பைக்குள் துழாவிப் பேனாவை எடுத்து, உறையிலிருந்து படத்தை வெளியே இழுத்துத் திருப்பி, தன் தாய் எழுதிய சொல்லுக்குக் கீழே அதை எழுதிக்கொண்டார்.