மிச்சம் அடுத்த வளைவில்

“பஸ்ஸேறுனாலே வாந்தி எடுக்கற புள்ளை, தெனமும் மலையெறங்கிக் காலேஜுக்குப் போயிருவாளாக்கும்?” என்று அத்தை கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். ஆனாலும் முதல் வாரமே படிப்பை விட்டுவிட இருந்தேன்.

விட்டுவிடாமல் என்னைத் தடுத்தவர் நாமக்கல் பஸ்ஸின் கண்டக்டர். ஒல்லியான உடம்பு, காதில் பேனா, கக்கத்தில் செய்தித்தாள். முதல் கொண்டை ஊசி வளைவில் ஆரம்பிப்பார்.

“ஏனுங்க, சேதி தெரியுமா? திருடப் போனவன் அந்த ஊட்டு மாவுலயே தோசை சுட்டுத் தின்னுபோட்டுத் தூங்கிட்டானாம்!”

“தொட்டுக்க என்னவாம்?” என்றார் மிளகு மூட்டைக்காரர்.

“அது அடுத்த வளைவுலீங்க!”

சிரித்துச் சிரித்து எழுபது வளைவும் இறங்கிவிட்டோம். வாந்திக்காக நான் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை முகரவே மறந்திருந்தேன்.

ஒருநாள் அவருடைய பேப்பரை வாங்கிப் பார்த்தேன். திருடன் பிடிபட்ட செய்தி இரண்டே வரி.

“இதுல தோசையே இல்லீங்களே?”

“ரெண்டு வரிய வெச்சுக்கிட்டு எழுவது வளைவு எறங்க முடியுமா கண்ணு?”

அடுத்த வருடம் அவரை வேறு வழித்தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெயரைக் கேட்டு வைக்கவில்லையே என்று இன்றும் தோன்றுகிறது. புதிய கண்டக்டர் வாயே திறப்பதில்லை.

நேற்று என் பக்கத்தில் ஒரு முதலாமாண்டுப் பெண், எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். முதல் வளைவு வந்தது. நான் பேப்பரை விரித்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தேன்.

“ஏனுங்க, சேதி தெரியுமா?”