பதினைந்து கொச்சிக்காய் விதைகள்

தை மாதத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலையைப் பனி கருக்கிவிடும். முந்திய நாள் பச்சையாக நின்ற கொழுந்து, விடிந்து பார்த்தால் சட்டியில் போட்டு வறுத்த மாதிரிப் பழுப்பாகிக் கிடக்கும். குளிர் எப்படிச் சுடும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பனி என்றால் அப்படித்தான் என்பார்கள். அப்படித்தான் என்பது ஒரு பதிலா? அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வந்துவிடும்.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் எங்களுக்கென்று இரண்டு பாத்தி நிலம் உண்டு. லீக்ஸ், கரட், முள்ளங்கி எல்லாம் இந்தக் குளிரிலும் அங்கே திறந்த வெளியில் முளைக்கும். விதையைத் தூவிவிட்டு, பொழுது சாயும்போது மேலே மானாப் புல்லைப் பரப்பிவிட வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்கப் போகுமுன் புல்லை எடுத்துவிட வேண்டும். பரப்ப மறந்துபோனால் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். அவ்வளவுதான் பாடு. மிளகாய் அப்படியில்லை, நாங்கள் அதைக் கொச்சிக்காய் என்போம். அதே மண்ணில் போட்டால் மாதக் கணக்கில் படுத்துக் கிடந்து அழுகிப்போகும். எள் அளவு லீக்ஸ் விதைக்கு இல்லாத பயம் இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பொகவந்தலாவை டவுனில் ஒரு முஸ்லிம் பெரியவரின் கடை இருக்கிறது, அவரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். மண்வெட்டி, கயிறு, ஆணி, விதை பக்கெட் எல்லாம் அங்கேதான் வாங்குவோம். நானாவுக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. அவருடைய மனைவி, கிழக்குக் கரையோரத்திலிருந்து கலியாணமாகி வந்தவர், வரும்போதே ஒரு கொச்சிக்காய் விதையையும் கொண்டுவந்திருந்தார். கடைக்குப் பின்னால் உள்ள சின்ன முற்றத்தில் பால்மா டின்களில் அதை வருடா வருடம் வளர்த்தார். குட்டையாகச் சுருங்கிய காய், பழுத்தால் மஞ்சள், உறைப்பை விட வாசம் கூட. அவர் சம்பலில் ஒன்றை நசுக்கிப் போட்டால் கடை முன்னால் நிற்கிறவர்களுக்கும் வாயூறும். கயிறு வாங்கிக் காசு கொடுத்த பிறகும் அந்த வாசத்துக்காகவே நான் அங்கே நின்றிருக்கிறேன். அந்த அம்மா நாலைந்து மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்துபோனார்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை லீக்ஸ் விதை வாங்கப் போனேன். நானா லாச்சியைத் திறந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். மனைவியின் செடியில் கடைசியாகப் பழுத்த பழத்தின் விதைகள். பாதியை அவரே அதே முற்றத்தில் அதே டின்களில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாராம், ஒன்றுகூடத் தலை காட்டவில்லையாம். மனைவியின் ஊரில் விசாரித்தால் அங்கேயும் அந்த இனம் யாரிடமும் இல்லையாம்.

"பதினஞ்சுதான் ஈக்கி, தங்கச்சி. இதுவும் போனா அவட கொச்சிக்கா இனி எங்கயும் இல்ல."

என்னிடம் ஏன் கொடுக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அது எனக்குத் தெரிந்த கதைதான். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நான் எடுக்கும் முளைப்பாரி ஒவ்வொரு வருடமும் மற்றவர்களுடையதை விட நாலு விரல் உயரமாக நிற்கும். ஊர்வலம் டவுன் வழியாகப் போகும்போது கடைக்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கைராசிக்காரி என்று எனக்குப் பெயர். பெயர் வந்துவிட்டால் தலைக்கனமும் கூடவே வந்துவிடுகிறது. கவலைப்படாதீர்கள் நானா என்று சொல்லித் தீப்பெட்டியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வந்தேன்.

முளைப்பாரி போடுகிற மாதிரியேதான் எல்லாம் செய்தேன். விதையை இரவு முழுவதும் ஊறவைத்தேன். சிரட்டைகளில் எருவும் மண்ணும் கலந்து போட்டு ஒவ்வொன்றாக ஊன்றினேன். பத்து விதைதான் ஊன்றினேன். மீதி ஐந்தைத் தீப்பெட்டியோடு சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். முன்யோசனை என்று பெருமையடித்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டில் சிரட்டை பத்துத்தான் இருந்தது. எல்லாவற்றையும் அடுப்புத் திண்டுக்குப் பக்கத்தில் அடுக்கி, என் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, மேலே மழைக்குப் போட்டுக்கொள்கிற கம்பளியைப் போர்த்திவிட்டேன். முளைப்பாரிக்கு வெளிச்சம் ஆகாது. கண்டவர் கண் படவும் கூடாது.

பதினோராம் நாள் கையை உள்ளே விட்டு ஈரம் பார்த்தபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. முளைத்துவிட்டது! கூடையைத் தூக்கிப் பார்க்க மனம் அடித்துக்கொண்டது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. இன்னும் ஒன்பது நாள் பொறுத்தேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் கூடையைத் தூக்கினேன். பத்தும் வந்திருந்தன. விரல் நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்ற தண்டும் உச்சியில் இரண்டு மஞ்சள் இலையுமாக. ஒருத்தி குலவை போட்டாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் சிரட்டைகளை வெளிச்சுவரில் வரிசையாக வைத்துவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனேன். தை மாதத்துக் காலை எவ்வளவு குளிருமோ அவ்வளவுக்கு நடுப்பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். காற்றும் சேர்ந்துகொண்டது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பார்த்தால் பத்தும் சிரட்டை விளிம்பில் நூல் மாதிரித் தொங்கிக் கிடந்தன. தண்ணீர் தெளித்தேன், நிழலில் வைத்தேன், ஈர்க்கை ஊன்றி ஒவ்வொன்றையும் கட்டினேன். ஒன்றுகூட எழும்பவில்லை. சுவரடியிலேயே உட்கார்ந்து அழுதேன். சொந்தச் செடியென்றால் இப்படி அழுதிருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரருக்குக் கேலி பேசாவிட்டால் சோறு இறங்காது. வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"முளைப்பாரி எடுத்தா ஆத்துலதான விடுவாங்க. நீ என்னா சொவத்துல வச்சுட்டு நிக்கிற?"

கையிலிருந்த செம்பை எறியத்தான் நினைத்தேன். எறியவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. முளைப்பாரியை ஊர்வலம் முடிந்ததும் ஆற்றில் கரைத்துவிடுகிறோம். அது மறுநாள் உயிரோடு இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இத்தனை வருடமும் நான் உயரமாக வளர்த்தது என்று பெருமைப்பட்டதெல்லாம் வெளிச்சத்தைத் தேடி எட்டி எட்டி நீண்ட பயிர். இருட்டில் தவித்ததற்கு நான் கைராசி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு நானாவின் கடைக்குப் போய் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கல்லாவைப் பார்த்தபடியே, அவள் போனதோடு இறைவன் வீட்டுக்குத் தந்த பரக்கத்தும் போய்விட்டது, இதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை என்றார். அதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்கிற பதில்தான். எனக்கு மனம் ஆறவில்லை. துக்கம் விசாரிக்க வந்த மாதிரி நிற்க வேண்டியவள், அந்த டின்கள் எங்கே இருந்தன, காட்டுங்கள் என்று கேட்டேன்.

கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பத்தடி முற்றம். மேலே கண்ணாடித் தகடு போட்டிருந்ததால் பகல் வெளிச்சம் தாராளமாக விழுந்தது. ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் பலகை, பலகையில் வெறும் டின்கள். அந்தச் சுவரில் மட்டும் ஆளுயரத்துக்குச் சுண்ணாம்பு பழுப்பேறி வெடித்திருந்தது. ஏன் இந்தச் சுவர் மட்டும் இப்படி என்று கேட்டேன். அது பக்கத்து பேக்கரியின் சுவர், முந்தி அதற்கு அந்தப் பக்கம்தான் பாண் சுடுகிற விறகடுப்புப் போறணை இருந்தது என்றார். அவர் மனைவி படுக்கையில் கிடந்த நாட்களில் அதை இடித்துவிட்டு கரண்ட் அடுப்பை வேறு பக்கம் வைத்துவிட்டார்களாம். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் சுவரைக் கவனிக்கிற மனநிலை இல்லை.

சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. விதை கண்விழிக்கச் சூடு வேண்டும், விழித்த அன்றே வெளிச்சம் வேண்டும். என்னிடம் சூடு இருந்தது, நானாவிடம் வெளிச்சம் இருந்தது. அந்த அம்மாவிடம் இரண்டும் இருந்தன. மளமளவென்று அவரிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் நான் சொன்னதைக் கேட்டாரா தெரியாது. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ காலைல எழும்பினா மொதல் வேல இந்தச் செவத்துல கைய வச்சிக்கிட்டு நிக்கிறதுதான்," என்றார். "குளிருக்கு கைய சூடாக்குறாண்டு நெனச்சேன்."

மிச்சமிருந்த ஐந்து விதைகளையும் சிரட்டைகளில் ஊன்றினேன். அடுப்புத் திண்டிலேயே வைத்தேன். கூடையும் இல்லை, கம்பளியும் இல்லை, கண் படும் என்ற பயமும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தேன். என் வீட்டுக்காரர் கேலி பேசிக்கொண்டே குசினிக் கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணாடித் தகடு போட்டுத் தந்தார். முளை கழுத்தைத் தூக்கிய அன்றே அந்த வெளிச்சத்துக்குக் கீழே மாற்றினேன், பொழுது சாய்ந்ததும் திரும்பவும் திண்டுக்கு. வெளியே லீக்ஸ் பாத்திக்குப் புல் போர்த்துவது போல உள்ளே இதற்கு அடுப்பு. மூன்று முளைத்தன. ஒன்றை எலி கடித்தது. மற்ற இரண்டும் குட்டையாக, தண்டு பருத்து, கரும்பச்சையாக நின்றன. யாரும் குலவை போடுகிற உயரம் இல்லை.

பனிக்காலம் முடிந்து, நாற்றில் ஆறேழு இலை வந்த பிறகு நானாவுக்குச் சொல்லி அனுப்பினேன். ஆட்டோ பிடித்து எங்கள் லயத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் இங்கே வந்ததில்லை. செடிகளை அவர் கண்ணில் படும்படி வாசலுக்கு நேரே எடுத்து வைத்திருந்தேன். அவர் அவற்றைத் தாண்டிக் குனிந்து குசினிக்குள் போனார். அடுப்பு எங்கே என்று பார்த்து, அதற்குப் பின்னாலிருந்த சுவரில் உள்ளங்கையை முழுதாக வைத்தார். வைத்தபடியே நின்றார். நான் தேத்தண்ணீர் ஊற்றினேன், ஆறியது, அப்போதும் நின்றார்.

"முப்பது வருஷம்," என்றார். "நானும் ஒருக்கா கைய வச்சுப் பாத்திருக்கலாம்."

அதற்குப் பிறகுதான் செடியைப் பார்த்தார்.