மாமாவின் கழுத்தில் மாலை

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து சேர்வது பிளாஸ்டிக் நாற்காலிகள்தாம். நான் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து மணமேல்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வருகிறேன். தாய்மாமா வீட்டு வாசலில் லோடு ஆட்டோவிலிருந்து நீல நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து அத்தையின் அழுகை தெருமுனைவரை கேட்டது.

நாற்காலி இறக்கியவர் என்னைப் பார்த்து, "உள்ள போ ஆத்தா. ஒன் மாமன் போய்ட்டாராம்ல" என்றார்.

மாமா குவைத்தில் கட்டட வேலையில் இருந்தார். முந்தின நாள்தான் வீடியோ காலில் வந்து மீசையை முறுக்கிக் காட்டியிருந்தார். அந்த மீசை இல்லை என்றால் எப்படி இல்லாமல் போகும்? புத்தகப் பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. அதை எடுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

உள்ளே அத்தை தரையில் புரண்டுகொண்டிருந்தார். என் அம்மா அவரைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். மாமாவின் நம்பருக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேலை நேரத்தில் சைட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தினமும் அந்நேரத்தில் அவர் எடுக்கமாட்டார்தான். அன்றைக்கு மட்டும் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"யாரு சொன்னா?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா தன் போனை என் கையில் வைத்தார். திரையில் மாமா. கழுத்தில் சந்தன மாலை, நெற்றியில் பொட்டு, தலைக்கு மேலே சிவப்பு ஜீரோ வாட் பல்பு. கீழே வரிசையாகக் கூப்பிய கைகளும் ஆழ்ந்த இரங்கலும்.

அந்தப் படத்தை வரைந்தது நான்.

ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போனில் விரலால் வரையப் பழகியவள் நான். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. வரைந்ததை இன்ஸ்டாவில் போடுவேன். அதைப் பார்த்துச் சென்னையில் போன் கேம் செய்கிற ஒரு சின்னக் குழுவினர் கூப்பிட்டார்கள். இன்றைக்கு என் பிழைப்பாகிவிட்ட தொழில் அப்படித்தான் தொடங்கியது. என் அம்மா கேட்பவர்களிடமெல்லாம், "போன்ல படம் போடுறா. அதுக்கும் ஆளு தேடி வாராக பாருங்க" என்று பாதிப் பெருமையும் பாதிச் சந்தேகமுமாகச் சொல்வாள்.

அந்தக் கேம் ஒரு பேய் வீட்டுக் கதை. பழைய ஓட்டு வீடு, கூடத்துச் சுவரில் செத்துப்போன குடும்பத் தலைவரின் படம், இதுதான் எனக்கு வந்த முதல் வேலை. கண்ணை மூடினால் எனக்குத் தெரிந்த முகம் மாமா முகம்தான். லீவு நாளான வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் போனுக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, "மீசைய மட்டும் கொறைச்சுப்புடாத மருமகளே" என்பார். வரைந்து வைத்திருந்த அந்த முகத்தைச் சட்டத்துக்குள் வைத்தேன். பெரிய படமாகச் சுவரில் தொங்குகிறவருக்கு எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் மாலை இருக்கும். அதனால் மாலையும் போட்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

கேம் அந்த வாரம் வெளிவந்திருந்தது. தெருவில் யாரோ விளையாடிப் பார்த்து, தெரிந்த முகமாக இருக்கிறதே என்று படத்தை மட்டும் வெட்டித் தன் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்கள். வேடிக்கைக்குத்தான். ஆனால் மாலை போட்ட படத்தைப் பார்த்தால் எங்கள் ஊரில் கேள்வி கேட்கமாட்டார்கள், கும்பிடுவார்கள். ஏழெட்டுக் கை மாறியதில் படம் மங்கி, வரைந்த தடமெல்லாம் அழிந்து, அசல் போட்டோவாகவே ஆகிவிட்டிருந்தது.

"அது போட்டோ இல்ல. நான் வரைஞ்சது" என்று கத்தினேன்.

"புள்ளைக்குப் பித்தம் கலங்கிருச்சு. யாராச்சும் தண்ணி குடுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. தலையில் தண்ணீரும் தெளித்தார்கள்.

ஈரத்தலையோடு அம்மாவின் இடுப்பிலிருந்த போனை உருவினேன். ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய அந்தப் போனில்தான் வரைவேன். வரைகிற செயலியில் ஒவ்வொன்றும் தனித்தனி ஏடாக, வேண்டாததை மட்டும் மறைக்கிற மாதிரி இருக்கும். முகம் ஒன்று, பல்பு ஒன்று, மாலை ஒன்று. அத்தையின் முன்னால் உட்கார்ந்து திரையைக் காட்டினேன். பல்பை அணைத்தேன். பொட்டை அழித்தேன். மாலை மேல் விரலை வைத்ததும் அது மறைந்தது. சிரித்தபடி மாமா மட்டும் இருந்தார்.

அத்தையின் அழுகை பாதியில் நின்றது. போனை என் கையிலிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "இனிமே அத மாட்டாதடி. வெளையாட்டுக்குக்கூட மாட்டாத" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

கூட்டம் அழுவதா சிரிப்பதா என்று முழித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஓடிவந்தார். அவர் போட் என்ஜின் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ். என் தம்பியின் காதுகுத்துக்கு அப்பா வைத்த ஃபிளெக்ஸில் தாய்மாமன் படம் விட்டுப்போனதால், மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்தி முடித்த கையோடு மாமா சாப்பிடாமல் எழுந்து போயிருந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. மாமா குவைத்துக்குப் போன அன்றுகூட அப்பா வழியனுப்ப வரவில்லை.

வந்தவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நீல நாற்காலியில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஒத்தப் படம் போடலன்னுதானடா மச்சான் கோவிச்சுக்கிட்டுப் போன? இப்ப எவன் போன எடுத்தாலும் ஒன் படமால்ல கெடக்கு!"

மாமா சாகவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதற்குள் அம்மாவின் போன் அத்தை கையில் அடித்தது. மாமாதான். சாப்பாட்டு நேரத்தில் போன் கைக்கு வந்திருக்கிறது. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, என் படத்துக்கு எதுக்கு எல்லாரும் கும்புடு போட்டுருக்காய்ங்க? என்னையக் கேக்காம யாரு என்னையச் சாகடிச்சது?"

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அத்தை அழுகையும் சிரிப்புமாக நடந்ததைச் சொல்லி முடித்தார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, சாவுக்கு யாரு யாரு வந்தாக? சொல்லு, கேட்டுக்கிறேன்."

அத்தை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியாக அப்பாவைப் பார்த்து, "அண்ணனும் வந்துருக்காக. செருப்புக்கூடப் போடாம ஓடியாந்துருக்காக" என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோனது.

"மாமா? ஹலோ? கேக்குதா?" என்றேன். நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டு போனை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சிக்னல் கோடுகள் முழுசாகத்தான் நின்றன.

"இங்கிட்டுக் குடு" என்று அப்பா வாங்கினார். துடைக்காத கிரீஸ் கையோடு காதில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். இரண்டு பக்கமும் பேச்சில்லாமலேயே போன் கால் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தைக்காகச் சாயங்காலத்துக்குள் கேமில் அந்தக் கூடத்துச் சுவருக்கு வேறு முகம் வரைந்து அனுப்பவேண்டும். போனில் சார்ஜ் வீணாகப் போகிறதே என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை.