ஊசி மாமி

ஊசி போடுகிறவளைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை கோப்பாயில் இன்னும் பிறக்கவில்லை. நான் குடும்பநல உத்தியோகத்தர், ஊருக்கு 'மிஸ்ஸி'. என்னைப் போலவே பிள்ளைகளை அழவைத்துச் சம்பளம் எடுக்கிற சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்லுவேன்?

ராகுகாலம்

வாசிகசாலையில் கிளினிக். எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு மாமியாரும் மருமகளும் மட்டும் கைக்குழந்தையோடு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஊசிக்குப் பயமாக்கும் என்று நினைத்து, வெளியே போய், சின்னமுத்து என்கிற தட்டம்மை வந்தால் பிள்ளை படும் பாட்டைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தேன். மாமியார் பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு உள்ளே இருந்த சுவர் மணிக்கூட்டை எட்டிப் பார்த்தார்.

"எங்களுக்கு ஊசியிலை ஒரு குறையுமில்லை, மிஸ்ஸி. ராகுகாலம் முடியட்டும் எண்டுதான் நிக்கிறம்."

தண்ணியா, ஊசியா?

பேரனைத் தூக்கிக்கொண்டு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கிளினிக்கைப் பட்டிமன்றமாக்கிவிட்டார். நோய் வருத்தங்கள் குறைந்தது கட்டுக்கிணறும் கக்கூசும் சவர்க்காரமும் வந்தபடியால்தான், ஊசியால் அல்ல என்பது அவர் கட்சி. வரிசையில் இருந்த தாய்மார் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பாதி சரி என்றேன். யுத்த இடப்பெயர்வின்போது தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். கிணறு கலங்கல், கக்கூசுக்கு வரிசை, சவர்க்காரம் கண்ணாலும் காணக் கிடையாது. வயிற்றோட்டம் எங்களை வாட்டி எடுத்தது. என் தம்பி சுருண்டு கிடந்தான். ஆனால் அத்தனை நெரிசலிலும் எங்கள் மண்டபத்தில் ஊசி போட்ட பிள்ளைகளுக்குச் சின்னமுத்து வரவில்லை. "அது காத்தோடை வாற வருத்தம், சேர். காத்தை எந்தச் சவர்க்காரம் போட்டுக் கழுவுறது?" என்றேன்.  வாத்தியார் பேரனின் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"உந்த வழக்கைப் பிறகு பாப்பம். பிள்ளைக்கு நோகாமல் போடும்."

கனடாத் தம்பி

வாத்தியாரை மடக்கிய எனக்குத் தம்பியை மடக்க முடியவில்லை. அன்று சுருண்டு கிடந்தவன் இப்போது கனடாவில். நல்ல தண்ணீர் இருந்தால் போதும் என்று அன்று பிடித்த எண்ணத்தை அவன் விடவேயில்லை. தன் இரண்டு வயது மகளுக்கு ஒரு ஊசியும் போடவில்லை.

நான் கலியாணம் கட்டவில்லை. எனக்கென்று இருப்பது அந்தப் பிள்ளை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் என் முகத்தைக் கண்டதும் சிரிப்பாள். என்னைக் கண்டு சிரிக்கிற ஒரே பிள்ளை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தூக்கியிருக்கிறேன், அவளை ஒருமுறையும் தூக்கவில்லை. ஏக்கம் தாங்காமல், தொண்டைமானாற்றுக் கோயில் திருவிழாவுக்காவது கூட்டிக்கொண்டு வா என்று கெஞ்சினேன்.

"ஊசி போடாத பிள்ளையை உங்கை எப்பிடியக்கா கொண்டு வாறது? வருத்தம் ஏதும் தொத்தினால்?"

பக்கத்து வீடு

ஊசியை நம்பாதவன், ஊசி போடாததற்குப் பயப்படுகிறான்! சிரிக்க வேண்டிய விஷயம். நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

பிறகு ஒருநாள் கிளினிக் நடக்கும்போது அவனே போன் எடுத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சின்னமுத்து. அதுவும் ஊசி போடாத பிள்ளை. முந்தின நாள்தான் இவளோடு விளையாடியதாம்.  இப்போதே டொக்டரிடம் கொண்டு ஓடு, மூன்று நாளுக்குள் ஊசி போட்டால் தடுக்கலாம், இன்னும் பிந்தவில்லை என்றேன். வழக்கம்போல வாதாடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பக்கத்து வீட்டுக் குழாயிலையும் இதே நல்ல தண்ணிதானக்கா வருது."

கையை ஒளித்தவள்

அன்றே ஊசி போட்டார்கள். அடுத்த ஞாயிறு அந்தச் சிரிப்புக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என்னைக் கண்டதும் வீரிட்டு அழுது, கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டாள். ஊசி போடும்போது அவளைத் தேற்றுவதற்காக, "பயப்பிடாதை, உன்ரை மாமியும் இப்பிடித்தான் போடுறவ" என்று தம்பி சொல்லிவைத்தானாம். இருந்த ஒரு சிரிப்பும் போயிற்று.

ஆனால் வாரங்கள் போயின, வருத்தம் வரவில்லை. நேற்று தம்பி போன் எடுத்தான்.

"ஆவணித் திருவிழாவுக்கு வரத்தான் பாக்கிறம், அக்கா. ஆனால் இவள் உங்களிட்டை வருவாளோ தெரியாது."

ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என் மடியில் இருந்துதானே அழுகிறார்கள், அவள் மட்டும் ஏன் அவ்வளவு தூரத்தில் இருந்து அழவேண்டும்?