ஞாயிற்றுக்கிழமை போன்

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. வயது அறுபத்தேழு. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர், பெரியப்பா. பிள்ளைகுட்டி இல்லாத இந்த இருவரையும் மிஷன்காரர்கள் கடல் கடந்து அனுப்பி, ஒரு மாடி வீட்டைக் கொடுத்து, வருகிற இளம் மிஷனரிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. வருகிறதுகள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயது. மூன்று மாதம் இங்கே தங்கி, இந்த நாட்டு மொழியைப் படித்துவிட்டு, ஆளுக்கொரு ஊருக்கு ஊழியத்துக்குப் போவார்கள். அதுவரை சாப்பாடு, காய்ச்சல், கோபதாபம் எல்லாம் பெரியம்மா பொறுப்பு. ஒழுகுகிற குழாய், வேன், காலை ஜெபம் மூன்றும் பெரியப்பா பொறுப்பு. ஜெபத்தை அவர் நீட்டி முழக்கினால் பெரியம்மா கண்ணைத் திறக்காமலே தொண்டையைச் செருமுவார். ஆமென் வந்துவிடும்.

முப்பது வருஷம் மாணவியர் விடுதியில் வார்டனாக இருந்தவரிடம் யாரும் டிமிக்கி கொடுக்க முடியாது. பரீட்சை அன்று வருகிற வயிற்றுவலியை வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண்ணை இங்கேயும் கொண்டுவந்திருந்தார். மூன்றாவது வாரம் எந்தப் பிள்ளையும் சுருண்டு படுக்கும். தலை வலிக்கிறது என்னும், பசியில்லை என்னும். எல்லாம் வீட்டு ஏக்கம். சூடாக ஒரு டம்ளர் பால், முதுகில் ஒரு தட்டு, இரண்டு நாளில் சரியாகிவிடும். போன் மட்டும் ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாட்களில் போன்களெல்லாம் பேர் எழுதிய உறைகளில் அவர் பீரோவுக்குள் பூட்டியிருக்கும். அடிக்கடி பேசினால் ஏக்கம் கூடிவிடுமாம். அது மிஷன் சட்டம். மிஷனே மறந்தாலும் பெரியம்மா மறக்க மாட்டார்.

கடைசியாக வந்த கூட்டத்தில் ஒருத்திக்கு ரேடியோ என்று பட்டப்பேர். பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவாள். வெங்காயம் உரித்துத் தருகிறேன் என்று சமையலறையில் வந்து உட்கார்ந்தால், ஒரு வெங்காயம் உரிபடுவதற்குள் தெருவில் உள்ள அத்தனை பேர் கதையும் முடிந்துவிடும். "வாயை மூடிட்டு உரிடி" என்று அதட்டுகிற பெரியம்மா, மறுநாள் அவள் வரத் தாமதமானால் வாசலை வாசலைப் பார்ப்பார். பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். ரொம்பப் பிடிக்கும்.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை, ரேடியோ ஓய்ந்துவிட்டது. வகுப்பிலிருந்து பாதியில் வந்து மாடியில் படுத்துக்கொண்டாள். பெரியம்மா பாலோடு போனபோது சுவர்ப்பக்கம் திரும்பி, "அம்மா... அம்மா..." என்று முனகிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, அம்மா ஞாபகம் வந்துடுச்சா?"

"போன் குடுங்க பெரியம்மா. ஒரே நிமிஷம்."

"ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வேணும்னாலும் பேசு. இப்ப பாலைக் குடி."

கீழே வந்ததும் பெரியப்பா கேட்டார். "டாக்டர்கிட்ட காட்டிடலாமா? வேனை எடுக்கட்டுமா?"

"எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். ஏக்கம்தாங்க. நீங்க வேற."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் குளியலறை வாசலில் விழுந்தாள். குடல்வால் வெடித்து விஷம் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றார் டாக்டர். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அப்பவே சொன்னேனே என்று பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெரியம்மா சண்டை போட்டாவது கொஞ்சம் அழுதிருப்பார். திடீர் உடல்நலக் குறைவு என்று மிஷன் ஆபீஸ் அவள் வீட்டுக்கு எழுதியது. வியாழக்கிழமை, உடலை ஊருக்குக் கொண்டுபோகத் தாய் வந்து இறங்கினார். தையல் மிஷினை மிதித்தே அந்தப் பெண்ணை வளர்த்த தையல்காரம்மா.

மகளின் துணிகளை அவர் மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்க, பெரியம்மா போன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த நீலப் பாவாடையை எடுத்த தையல்காரம்மா, அதன் இடுப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது நான் தெச்சது. கொக்கி நல்லாத்தானே இருக்கு? அதைப் போடாம ரெண்டு விரல் தள்ளி ஊக்கு குத்தியிருக்காளே."

ஊக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இடுப்புல துணி அழுத்துறதே தாங்கல போல. இது என்னைக்குப் போட்டது?"

தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஆபீஸே திடீர் என்று எழுதியாகிவிட்டது. பெரியப்பா செத்தாலும் வாய் திறக்க மாட்டார்.

"வெள்ளிக்கிழமை" என்றார் பெரியம்மா.

"சனிக்கிழமை திடீர்னு விழுந்துட்டான்னாங்க?"

"வெள்ளிக்கிழமையே படுத்துட்டாம்மா. அம்மா அம்மான்னு முனகினா. போன் கேட்டா. உங்களைத் தேடுறா, வேற ஒண்ணும் இல்லைன்னு நெனச்சு ஞாயித்துக்கிழமை பேசுன்னு சொல்லிட்டேன். அது வலியில சொன்ன அம்மான்னு எனக்குத் தெரியல. டாக்டர்கிட்ட போகலாம்னு அவர் சொன்னார். நான்தான் வேணாம்னேன்." அப்படியே காலில் விழுந்துவிட்டார். தையல்காரம்மா தடுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை.

பாவாடையைக் கையில் பிடித்தபடியே பேசினார். "ஊரெல்லாம் வாயடிப்பா. என்கிட்ட மட்டும் ரெண்டு நிமிஷம், அப்புறம் பேசறேம்மான்னு வெச்சிடுவா. நல்லா இருக்கிறப்ப என் நெனப்பே வராது அவளுக்கு. வலிச்சாத்தான் என்னைத் தேடுவா. போனைக் குடுத்திருந்தீங்கன்னா குரலை வெச்சே கண்டுபிடிச்சிருப்பேன் அக்கா."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. பெரியம்மா கேட்கவும் இல்லை. மற்ற துணிகள் பெட்டிக்குள் போயின. நீலப் பாவாடையை மட்டும் ஊக்கைக் கழற்றாமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். போனையும் வாங்கிக்கொண்டு, பெரியப்பா ஓட்ட, வேனில் ஏறிப் போய்விட்டார்.

வேன் தெருமுனை திரும்பியதும் பெரியம்மா பீரோவைத் திறந்தார். எல்லா உறைகளையும் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னைக்கு வியாழக்கிழமை பெரியம்மா" என்றாள் ஒருத்தி, பயந்துகொண்டே.

"எடுத்துட்டுப் போங்க."

அதற்குப் பிறகு சமையலறையில் தனியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. "அம்மா..."

கத்தியைப் போட்டுவிட்டு, மூட்டுவலியையும் மறந்து, இரண்டிரண்டு படியாக ஏறினார். "எங்க வலிக்குது? எங்கடி வலிக்குது?"

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அந்தப் பெண் திகைத்துப் போய்ப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல பெரியம்மா. அம்மாகிட்டதான் பேசிட்டிருக்கேன்."

"நெசமா ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே, வெங்காயக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, பெரியம்மா அவள் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார்.